டோல்கேட், மின்ட், பேட்டரி: தெரிந்த சரித்திரத்திலிருந்து இங்கிலீஷுக்கு

வாசகர் கேள்வி:

"வயது 43. திருவொற்றியூரில் இருக்கிறேன். துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டில் கணக்கெடுக்கும் வேலை. பத்தாவது வரை தமிழ் மீடியம்தான். சரித்திரம் என்றால் எனக்கு உயிர். தமிழில் கையில் கிடைத்ததை எல்லாம் படித்திருக்கிறேன். இங்கிலீஷில் இன்னும் எவ்வளவோ இருக்கிறதே என்று ஆசைப்பட்டு, சென்னையைப் பற்றி 500 பக்கப் புத்தகம் ஒன்றை வாங்கினேன். மூன்று வாரமாகியும் நான்காம் பக்கத்தைத் தாண்டவில்லை. ஒரு வரிக்கு ஐந்து தடவை டிக்‌ஷனரியைத் திறக்கிறேன். கடைக்காரரிடம் கேட்டால் சின்னப் பிள்ளைகளின் படப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். எட்டாவது படிக்கும் மகள் பார்த்துவிட்டுச் சிரிக்கிறாள். அவள் இங்கிலீஷ் மீடியம். குழந்தைத்தனமாக இல்லாமல், ஆனால் ஈஸியான இங்கிலீஷில் சரித்திரம் எங்கே கிடைக்கும்? கூகுள் டிரான்ஸ்லேட்டை வைத்தே ஓட்டிவிடலாமா? ராத்திரி முக்கால் மணி நேரம் ஒதுக்க முடியும்."

பதில்:

முதல் காரியமாக அந்த 500 பக்கத்தை மூடி அலமாரியில் வையுங்கள். பழைய புத்தகக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள், அதற்குப் பிறகு வேலை இருக்கிறது.

ஒரு வரிக்கு ஐந்து தடவை டிக்‌ஷனரி என்று எழுதியிருக்கிறீர்கள். அச்சில் ஒரு வரிக்குப் பத்து, பன்னிரண்டு வார்த்தை வரும். அப்படியென்றால் நூறு வார்த்தைக்கு நாற்பது தெரியாத வார்த்தை. இதை யாராலும் படிக்க முடியாது. குறுக்கெழுத்துப் போடத்தான் முடியும். இனி எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் காசு கொடுக்கும் முன்பு கடையில் நின்றபடியே ஒரு சோதனை செய்யுங்கள். நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து நூறு வார்த்தை எண்ணுங்கள். ஊர்ப் பெயர், ஆள் பெயரைக் கணக்கில் விட்டுவிடுங்கள். தெரியாதவை இரண்டு மூன்று என்றால் துணையில்லாமல் படிக்கலாம். ஐந்து வரை டிக்‌ஷனரி உதவியோடு ஓடும். பத்தைத் தாண்டினால் திரும்ப வைத்துவிடுங்கள். முன்னுரையை வைத்துச் சோதிக்காதீர்கள். புத்தகத்திலேயே கஷ்டமான இங்கிலீஷ் பெரும்பாலும் முன்னுரையில்தான் இருக்கும்.

இப்போது ஈஸியான புத்தகம் எது என்ற கேள்வி. சரித்திரப் புத்தகம் நம் தலையில் ஒரே நேரத்தில் இரண்டு மூட்டையை ஏற்றுகிறது: தெரியாத சங்கதி, தெரியாத பாஷை. சின்னப் பிள்ளைகள் புத்தகம் பாஷை மூட்டையைக் குறைக்கிறது, ஆனால் சங்கதியையும் சேர்த்து ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறது. உங்களிடம் சங்கதி நிறைய இருக்கிறது. அதனால் நீங்கள் தேட வேண்டியது ஈஸியான இங்கிலீஷில் புதுச் சரித்திரத்தை அல்ல, உங்களுக்கு ஏற்கெனவே அத்துப்படியான சரித்திரத்தைச் சாதாரண இங்கிலீஷில். 1639ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இந்த மணல் கரைக்கு வந்த கதை தமிழில் தெரிந்தவருக்கு, அதே கதையின் இங்கிலீஷ் பத்தியில் பாதி வார்த்தை தானாகவே பிடிபட்டுவிடும்.

அப்படிப்பட்ட புத்தகம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. மகளின் எட்டாம் வகுப்பு சமூக அறிவியல். அவள் படிப்பது தமிழ்நாடு அரசுப் பாடத்திட்டம் என்று வைத்துக்கொள்கிறேன். அந்தப் புத்தகம் தமிழ் மீடியத்துக்கும் இங்கிலீஷ் மீடியத்துக்கும் ஒரே பாட வரிசையில், ஒரே உள்தலைப்புகளோடு, ஒரே படங்களோடு அச்சாகிறது. வரலாற்றுப் பகுதியின் முதல் பாடமே 'ஐரோப்பியர்களின் வருகை'. அடுத்து 'வர்த்தகத்திலிருந்து பேரரசு வரை'. மக்களின் கிளர்ச்சிகளுக்குத் தனிப் பாடம் உண்டு. எல்லாம் உங்களுக்குத் தெரிந்த மனிதர்கள், தெரிந்த சண்டைகள். தமிழ்ப் பதிப்பை அரசின் பாடநூல் இணையதளத்திலிருந்து பிடிஎஃப் ஆக இலவசமாக இறக்கலாம். வகுப்பு, மீடியம், பாடம் என்று தேர்ந்தெடுத்தால் போதும். காகிதத்தில் வேண்டுமென்றால் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலை டிபிஐ வளாகத்தில் (இப்போது பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம்) பாடநூல் கழகத்தின் விற்பனைப் பிரிவில் கேளுங்கள். சென்ட்ரல் பக்கத்தில் அல்லிக்குளம் மூர் மார்க்கெட்டில் பழைய பிரதி இன்னும் மலிவாகக் கிடைக்கும். வாங்கும்போது எந்த வருடப் பதிப்பு, எத்தனையாவது பருவம் என்று முதல் பக்கத்தைப் பாருங்கள். பாடத்திட்டம் மாறுவதற்கு முந்தைய பிரதியாக இருந்தால் மகளின் புத்தகத்தோடு பொருந்தாது.

முக்கால் மணி நேரத்தை இப்படிப் பிரியுங்கள். முதல் பத்து நிமிடம் தமிழ்ப் பதிப்பில் ஒரு உள்தலைப்பு மட்டும், ஏறக்குறைய அரைப் பக்கம். படித்துவிட்டு அதை மூடி எட்டாத இடத்தில் வையுங்கள். இதுதான் முக்கியம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தால் கண் தமிழுக்கே ஓடும். இங்கிலீஷ் வெறும் அலங்காரமாக நிற்கும். அடுத்த இருபது நிமிடம் இங்கிலீஷில் அதே உள்தலைப்பு, இரண்டு தடவை. முதல் தடவை டிக்‌ஷனரி கிடையாது, பென்சில் கோடு மட்டும். இரண்டாம் தடவை கோடு போட்டவற்றில் அதிகபட்சம் ஐந்தை மட்டும் தேடுங்கள். எந்த ஐந்து? வினைச்சொற்களுக்கு முதலிடம். பெயர்ச்சொல் தெரியாமல் போனால் ஒரு பொருள் போகும், வினைச்சொல் தெரியாமல் போனால் யார் யாரை அடித்தார் என்பதே போய்விடும். மீதி பதினைந்து நிமிடத்தில் மூன்று வாக்கியம் எழுதுங்கள்: எந்த வருடம், யார், என்ன செய்தார். தப்பில்லாமல் எழுத வேண்டும் என்று உட்காராதீர்கள், எழுதினால் போதும்.

தமிழ்ப் பதிப்பும் இங்கிலீஷ் பதிப்பும் வாக்கியத்துக்கு வாக்கியம் ஒத்துப்போகாது. ஒன்றில் இரண்டு வாக்கியமாக இருப்பது மற்றதில் ஒன்றாக இருக்கும். அதனால் வரிக்கு வரி பொருத்திப் பார்க்க முயன்றால் எரிச்சல்தான் வரும். உள்தலைப்பு அளவில் பொருத்தினால் சரியாக வரும்.

நோட்டில் வார்த்தையைத் தனியாக எழுதி எதிரே அர்த்தம் எழுதும் பழக்கம் நம் எல்லோருக்கும் பள்ளிக்கூடத்தில் வந்தது. சரித்திரத்துக்கு அது உதவாது. 'சீஸ்டு: கைப்பற்றியது' என்று எழுதினால் நாளைக்கு மறந்துவிடும். 'தி ஃபிரெஞ்ச் சீஸ்டு மெட்ராஸ் இன் 1746' என்று முழுசாக எழுதினால் யார், எதை, எப்போது என்று மூன்று ஆணி அடித்த மாதிரி நிற்கும்.

இந்த 1746ஐயே கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். செப்டம்பரில் லா போர்தொனே தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் மதராஸைப் பிடித்தார்கள். ஐரோப்பாவில் 1748ல் உடன்படிக்கை ஆன பிறகு, 1749ல் ஊர் மறுபடி இங்கிலீஷ்காரர் கைக்கு வந்தது. இது தமிழில் உங்களுக்குத் தெரியும். இங்கிலீஷில் இந்தச் சங்கதி இப்படி வரும்: 'மெட்ராஸ் வாஸ் ரெஸ்டோர்டு டு தி இங்கிலீஷ் இன் 1749.' ரெஸ்டோர் என்றால் செல்போனில் பார்த்த வார்த்தை. பழுது நீக்கிப் பழையபடி ஆக்குவது என்று நினைப்போம். கோட்டையை ரிப்பேர் பார்த்தார்கள் போல என்று தாண்டிப் போய்விடுவோம். இங்கே அர்த்தம் திருப்பிக் கொடுத்தல். பின்னால் வரும் 'டு' என்ற குட்டி வார்த்தைதான் அதைக் காட்டிக் கொடுக்கிறது. யாருக்கு என்று கேட்டால் திருப்பிக் கொடுத்தது தெரிந்துவிடும்.

சரித்திர இங்கிலீஷில் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் தெரியாத வார்த்தை கிடையாது. தெரிந்தது மாதிரி முகம் காட்டும் வார்த்தைதான். தெரியாத வார்த்தைக்கு டிக்‌ஷனரியைத் திறக்கிறோம், தெரிந்த வார்த்தைக்குத் திறப்பதில்லையே! ஃபேக்டரி என்று வந்தால் புகைபோக்கியும் ஷிஃப்டும் மனதில் வரும். 17ஆம் நூற்றாண்டில் அதற்கு அர்த்தம் வியாபாரிகளின் பண்டகசாலை. அங்கே எதுவும் உற்பத்தி ஆகவில்லை, நெசவாளர்களிடம் வாங்கிய துணியைக் கப்பல் வரும்வரை அடுக்கி வைத்தார்கள். ஃபேக்டர் என்பவர் அங்கே உட்கார்ந்து கொள்முதல் பார்த்த கம்பெனி ஏஜென்ட். ரைட்டர் என்றால் எழுத்தாளர் என்று எண்ணிவிடாதீர்கள், கம்பெனியின் கடைநிலை குமாஸ்தா. போலீஸ் ஸ்டேஷனில் 'ரைட்டர்' என்று நாம் சொல்கிறோமே, அந்த வாசனை. மேகஸின் என்றால் வெடிமருந்துக் கிடங்கு.

உங்கள் பக்கத்து பஸ் ஸ்டாப் ஒன்றும் இந்த வகைதான். கிளைவ் பேட்டரி. டார்ச்சில் போடும் பேட்டரிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பீரங்கிகளை வரிசையாக நிறுத்தி வைக்கும் மேடைக்குப் பெயர் பேட்டரி. துறைமுகத்தில் வேலை பார்ப்பவர் என்பதால் இன்னொன்று: 'மெட்ராஸ் ரோட்ஸ்' என்று பழைய விவரங்களில் அடிக்கடி வரும். கப்பல் மெட்ராஸ் ரோட்ஸில் நின்றது என்று இருக்கும். சாலையில் எப்படிக் கப்பல் நிற்கும்? கரைக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கடல் பகுதிக்கு ரோட்ஸ் என்று பெயர். 1870களில் துறைமுக வேலை தொடங்கும் முன்பு கப்பல்கள் அங்கேதான் நின்றன. ஆளும் சரக்கும் மசூலா படகில் அலையைத் தாண்டிக் கரைக்கு வந்தார்கள். யார்டில் உங்களோடு இருப்பவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

வடசென்னைக்காரர் வாயில் சரித்திர இங்கிலீஷ் ஏற்கெனவே நிறைய இருக்கிறது, நாம் அதைக் கவனிப்பதில்லை. டோல்கேட் என்கிறோம், டோல் என்றால் சுங்கம். மின்ட் என்கிறோம், நாணயம் அடிக்கும் இடம், அதனால்தான் தமிழில் தங்கசாலை. வால்டாக்ஸ் ரோடு என்று ஒரே மூச்சில் சொல்வதைப் பிரித்தால் வால், டாக்ஸ்: மதில், வரி. வண்ணாரப்பேட்டையை இங்கிலீஷில் வாஷர்மேன்பெட் என்று எழுதியிருப்பதற்குப் பின்னால் கம்பெனியின் ஏற்றுமதித் துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பகுதியைப் படிக்கும்போது பிளீச், காலிகோ, சின்ட்ஸ் மூன்றும் வரும்: வெளுத்தல், வெள்ளைப் பருத்தித் துணி, பூ அச்சிட்ட துணி.

காலடிப்பேட்டையைத் தினமும் கடக்கிறீர்கள். 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர் அது. காலெட் பேட்டை நம் நாக்கில் காலடிப்பேட்டை ஆயிற்று. இங்கிலீஷ் புத்தகத்தில் தேடினால் 'காலெட் பெட்டா' என்றுதான் அகப்படும். பெயர்கள் இப்படி மாறிக் கிடப்பது புதிதாகப் படிப்பவரைக் குழப்பும் பெரிய விஷயம். புலிகாட் என்றால் பழவேற்காடு, சட்ராஸ் என்றால் சதுரங்கப்பட்டினம், டிராங்க்விபார் என்றால் தரங்கம்பாடி, டின்னவேலி என்றால் திருநெல்வேலி. பாளையக்காரரைப் பழைய புத்தகங்களில் போலிகர் என்றும் புதுப் பாடநூலில் பாளையக்காரர் என்றே இங்கிலீஷ் எழுத்திலும் போடுவார்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பெயர்களுக்கு என்று ஒதுக்கி, இடது பக்கம் அவர்கள் எழுத்து, வலது பக்கம் நம் பெயர் என்று சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஐம்பது பெயர் சேர்ந்ததும் எந்தப் பக்கமும் பாதியாகச் சுருங்கிவிட்டது போலத் தெரியும்.

இலக்கணத்தில் மூன்று இடம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முதலாவது 'பை'. 'பெய்லி வாஸ் டிஃபீட்டட் பை ஹைதர் அலி' என்றால் தோற்றவர் கம்பெனிப் படைத் தலைவர் பெய்லி, 1780, பொள்ளிலூர் சண்டை. அவசரமாகப் படித்தால் முதலில் பெயர் வந்தவர்தான் ஜெயித்தார் என்று தோன்றும். 'வாஸ்' கண்ணில் பட்டால் நின்று, பின்னால் 'பை' இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் அதே 'பை' வருடத்துக்கு முன்னால் வந்தால் அர்த்தமே வேறு: 'பை 1801' என்றால் 1801க்குள். இரண்டாவது, ஃபவுண்ட் வேறு, ஃபவுண்டட் வேறு. முதலாவது கண்டெடுத்தது, இரண்டாவது நிறுவியது. 1918ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஃபவுண்டட். யாரும் அதைக் கண்டெடுக்கவில்லை. மூன்றாவது 'வுட் லேட்டர் பிகம்'. வுட் என்றதும் 'செய்வாரா' என்ற கேள்வியோ மரியாதையோ என்று தடுமாற வேண்டாம். கதை நடக்கும் காலத்தில் நின்றுகொண்டு 'பிற்பாடு ஆகப்போகிறவர்' என்று முன்கூட்டிச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

சக்ஸீட் என்ற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ராஜா கதையில் வந்தால் வெற்றி பெற்றார் என்று எடுக்காதீர்கள்; அடுத்துப் பட்டத்துக்கு வந்தார். இஷ்யூ என்றால் வாரிசுப் பிள்ளை, சப்ஜெக்ட்ஸ் என்றால் குடிமக்கள். புட் டவுன் என்றால் ஒடுக்கினார்கள், புரோக் அவுட் என்றால் மூண்டது.

பாடநூல் மூன்று மாதத்துக்குக் காணும். அதிலேயே நின்றுவிட்டால் சலிப்பு வரும், ஏனென்றால் பாடநூல் இங்கிலீஷ் தகவலை அடைத்த மூட்டை. ஒரே வாக்கியத்தில் இரண்டு வருடம், மூன்று பெயர். மூச்சு விட வேறு இடம் வேண்டும். இணையத்தில் எளிய இங்கிலீஷ் விக்கிப்பீடியா என்று தனியாக ஒன்று இருக்கிறது. சார்லஸ் ஆக்டன் என்பவர் 1930ல் வெளியிட்ட 850 வார்த்தைப் பட்டியலை மாதிரியாக வைத்து, குட்டி வாக்கியங்களில் எழுதச் சொல்லும் பதிப்பு. சாதாரண இங்கிலீஷ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையைத் திறந்து, மொழிகள் பட்டியலில் 'சிம்பிள் இங்கிலீஷ்' இருந்தால் தொடுங்கள். எகிப்து, ரோம், பிரெஞ்சுப் புரட்சி, இரண்டு உலகப் போர் போன்றவற்றுக்கு நன்றாக இருக்கும். நம் ஊர் விஷயத்துக்கு மெலிவு. பல தலைப்புக்கு நான்கு வரிதான், சிலவற்றுக்கு அதுவும் கிடையாது. நம் ஊருக்கு சாதாரண இங்கிலீஷ் விக்கிப்பீடியாவில் முதல் பத்தியை மட்டும் படியுங்கள். ராயபுரம் ரயில் நிலையம் (1856 ஜூலை 1ல் வாலாஜா ரோடு வரை ஓடிய முதல் ரயில்), பக்கிங்ஹாம் கால்வாய், 1914 செப்டம்பர் 22 ராத்திரி துறைமுகத்து எண்ணெய் டாங்குகளைச் சுட்ட ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன். 'அவன் பெரிய எம்டன்' என்று சொல்லி வளர்ந்தவருக்கு அந்தப் பத்தியில் டிக்‌ஷனரிக்கு அதிக வேலை இருக்காது. தமிழ் விக்கிப்பீடியாவில் அதே தலைப்பு இருந்தாலும் அது இங்கிலீஷின் மொழிபெயர்ப்பு என்று நினைக்க வேண்டாம். தனித்தனியாக எழுதப்பட்டவை, வருடம் முரண்படுவதும் உண்டு.

பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் நான்கு நிலைகளில் குட்டிப் புத்தகங்கள் இலவசம். ஒரே புத்தகம் தமிழிலும் இங்கிலீஷிலும் கிடைப்பது அதில் பெரிய வசதி. உங்களுக்கு மூன்றும் நான்கும் சரி. அதில் வாழ்க்கை வரலாறு என்ற பிரிவைப் பாருங்கள். படம் இருக்கும், மகள் சிரிக்கக்கூடும். செல்போனில் படித்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

காசு கொடுத்து வாங்குவதென்றால் 'கிரேடட் ரீடர்' என்று கேளுங்கள். இங்கிலீஷ் கற்றுக்கொள்ளும் பெரியவர்களுக்கென்றே வார்த்தை எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தி எழுதப்பட்டவை. ஆக்ஸ்ஃபோர்டு புக்வார்ம்ஸ் வரிசையில் முதல் நிலை 400 தலைச்சொல் (அடிப்படை வார்த்தை), இரண்டாவது 700, மூன்றாவது 1,000, நான்காவது 1,400. உங்களுக்கு இரண்டில் தொடங்குவது சரியாக இருக்கும் என்று கடிதத்தை வைத்துக் கணிக்கிறேன். ஆனால் நூறு வார்த்தைச் சோதனையே கடைசித் தீர்ப்பு. இந்த வரிசைகளில் கதைகள் அதிகம், சரித்திரம் 'ஃபேக்ட்ஃபைல்ஸ்' என்ற பிரிவில் வரும், பெரும்பாலும் மேல்நாட்டுச் சரித்திரம். மத்திய அரசின் என்சிஇஆர்டி வெளியிடும் ஆறு முதல் எட்டு வரையிலான சமூக அறிவியல் புத்தகங்களும் இணையத்தில் இலவசம், சரித்திரம் அதற்குள்ளேயே வரும். நடை நம் பாடநூலைவிடச் சரளம், ஆனால் தமிழ்ப் பதிப்பு கிடையாது. அதனால் அதை நான்காம் மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். டிஎன்பிஎஸ்சி பழைய வினாத்தாளையும் ஒரு துணைக்கருவியாகச் சொல்வேன். பொது அறிவுக் கேள்விகள் தமிழிலும் இங்கிலீஷிலும் ஒன்றன் கீழ் ஒன்றாக அச்சாகியிருக்கும். வரலாற்றுக் கேள்வியை மட்டும் பொறுக்கி, தமிழை ஸ்கேலால் மறைத்துப் படிக்கலாம். பஸ்ஸில் போகும்போதுகூட முடியும்.

அமர் சித்திரக் கதை வகைக் காமிக்ஸ்? மொழிக்கு நல்லது, வசனம் சின்னது. ஆனால் புராணமும் வரலாறும் ஒரே வண்ணத்தில் கலந்து வரும் என்பதை மறக்காதீர்கள்.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. இலவசம் என்ற ஒரே காரணத்துக்காக நூறு, நூற்றைம்பது வருடத்துக்கு முன் வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதிய புத்தகங்களை இறக்காதீர்கள். அதில் ஒரு வாக்கியம் ஏழு வரி போகும். அந்தக் காலத்து எழுத்துக்கூட்டல் வேறு. இங்கிலீஷ் நாளிதழ்களில் வரும் பாரம்பரியக் கட்டுரைகளும் ஆரம்பத்துக்கு ஆகாது. சொல் விளையாட்டும் பழமொழியும் நிறைந்து, தலைப்பே புரியாது. பரீட்சை கைடுகள் மனப்பாடத்துக்கு என்று துண்டு துண்டாக வெட்டியவை. அவற்றில் தகவல் கிடைக்கும், வாக்கியம் கிடைக்காது.

கூகுள் டிரான்ஸ்லேட்டைப் பற்றிக் கேட்டீர்கள். முழுப் பக்கத்தையும் அதற்குள் போட்டால் நீங்கள் படிப்பது தமிழைத்தான், அதுவும் சுமாரான தமிழை. மேலே சொன்ன ஃபேக்டரியைத் தொழிற்சாலை என்றும் ரைட்டரை எழுத்தாளர் என்றும் அது மாற்றிக் கொடுத்தால், தப்பு என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஒரு வார்த்தைக்கு, அல்லது மூன்று தடவை படித்தும் பிடிபடாத ஒரு வாக்கியத்துக்கு, கேமராவைக் காட்டிப் பாருங்கள், அத்தோடு நிறுத்துங்கள். பழைய அர்த்தங்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம் நம்பகமானது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். ஒரு வார்த்தைக்கு ஏழெட்டு அர்த்தம் கொடுக்கும். முதலாவதோடு நிற்காமல் கடைசிவரை படியுங்கள், சரித்திரத்துக்கு வேண்டியது பெரும்பாலும் நடுவிலோ கடைசியிலோ ஒளிந்திருக்கும்.

உச்சரிப்புக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு போனில் குரோம் மூலம் விக்கிப்பீடியா கட்டுரையைத் திறந்து, மூன்று புள்ளியைத் தொட்டால் பக்கத்தை வாசித்துக் காட்டும் வசதி இருக்கும். வேகத்தைக் குறைத்து, முந்தின நாள் படித்த பத்தியை மறுநாள் ஷிஃப்டுக்குப் போகும்போது கேளுங்கள். புதுப் பத்தியைக் காதில் போடாதீர்கள், சத்தம்தான் மிஞ்சும்.

மகளிடம் வெட்கப்படுவதாக எழுதவில்லை, ஆனால் வரிக்கு நடுவே தெரிகிறது. இங்கிலீஷ் மீடியப் பிள்ளைக்குச் சரித்திரத்தில் என்ன கஷ்டம் தெரியுமா? 'ரெவின்யூ', 'டிரிப்யூட்', 'சார்ட்டர்' எல்லாம் மனப்பாடமாக வரும். வரி, கப்பம், பட்டயம் என்று மனதில் படம் வராது. அது உங்களிடம் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் அவள் இங்கிலீஷ் பத்தியைச் சத்தமாக வாசிக்கட்டும், நீங்கள் அதைத் தமிழில் கதையாகச் சொல்லுங்கள். 1708ல் கம்பெனி கைக்கு வந்த ஐந்து கிராமங்களில் திருவொற்றியூரும் ஒன்று, வியாசர்பாடி இன்னொன்று என்பது அவள் பாடநூலில் இருக்காது.

இப்போது அலமாரியில் இருக்கும் 500 பக்கம். அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து திறங்கள். பெயர் அட்டவணை இருக்கும். திருவொற்றியூர், காலடிப்பேட்டை, ராயபுரம், எம்டன், பி அண்ட் சி மில் என்று உங்களுக்குத் தெரிந்த பெயரைப் பிடித்து, அது வரும் பத்தியை மட்டும் படியுங்கள். திருவொற்றியூர் கண்ணில் படவில்லை என்றால் 'டி'யில் தொடங்கும் வேறு எழுத்துக்கூட்டல்களையும் பாருங்கள், பழைய ஆட்கள் டிரிவட்டூர் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு பத்தி போதும். மூன்று மாதம் கழித்து நான்காம் பக்கத்துக்குப் போய் மறுபடி நூறு வார்த்தை எண்ணுங்கள். கோடு பத்துக்குக் கீழே வந்திருந்தால் அங்கிருந்து தொடரலாம். வராவிட்டால் இன்னும் மூன்று மாதம் பாடநூலிலும் கிரேடட் ரீடரிலும் இருங்கள், நஷ்டம் ஒன்றுமில்லை.

வாங்கும் முன்பு புரட்டிப் பார்க்க எழும்பூர் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. தேரடி மெட்ரோவில் ஏறி, சென்ட்ரலில் பச்சை வழித்தடத்துக்கு மாறி எழும்பூரில் இறங்குங்கள். அங்கே சிறுவர் பகுதியில் உள்ள சரித்திரப் புத்தகங்களையும் வெட்கப்படாமல் எடுங்கள். மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதியவை உங்களுக்குச் சரியாக இருக்கும். அதே வளாகத்தில் அரசு அருங்காட்சியகம். ஒவ்வொரு பொருளின் அருகிலும் தமிழிலும் இங்கிலீஷிலும் இரண்டு மூன்று வரி எழுதியிருப்பார்கள். பொருள் கண்ணெதிரே நிற்கும்போது வார்த்தைக்கு டிக்‌ஷனரி தேவைப்படாது. கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகமும் அப்படித்தான், ஹைகோர்ட் மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம். இரண்டுக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை.